ஜென்னேயின் மண் பள்ளிவாசல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பானி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த ஜென்னே என்னும் பழைய நகரத்தில், மண்ணால் எழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. இன்று நாம் காணும் கட்டடம் 1907-ஆம் ஆண்டு, நகரத்துக் கொத்தனார் சங்கத்தின் தலைவராக இருந்த இஸ்மாயிலா திராவோரேயின் மேற்பார்வையில் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 75 மீட்டர் பக்கமுள்ள உயர்ந்த மேடைமீது, மூன்று கோபுரங்களுடன் அது எழுந்து நிற்பதைப் பார்க்கும் எவருக்கும், இத்தனை உயரத்துக்குச் சுடாத மண் எப்படித் தாங்குகிறது என்ற கேள்வி எழும். மண் கட்டடம் என்றாலே வறுமையின் அடையாளம் என்று எண்ணும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

ஆற்றுப் படுகையின் களிமண்ணோடு உமியும் தவிடும் சேர்த்து, தண்ணீர் விட்டு, பல நாள் குழியில் புளிக்க விடுகிறார்கள். நார்ப்பொருள் மக்கி மண்ணோடு ஒன்றுகலக்கும்போதுதான் அந்தக் கலவைக்குப் பசைத்தன்மை கூடுகிறது; காய்ந்த பின் பூச்சு வெடிக்காமலும் இருக்கிறது. வெயிலில் உலர்த்திய கற்களைச் சுவராக அடுக்குவதும், அதன்மேல் பூசுவதும் இந்த மண்ணைக் கொண்டுதான். முற்காலத்துக் கொத்தனார்கள் கையாலேயே உருட்டிய உருளை வடிவக் கற்களைப் பயன்படுத்தினார்கள். 1930-களிலிருந்து மரச்சட்டத்தில் வார்த்த செவ்வகக் கற்கள் வந்துவிட்டன.

சுவர்களிலிருந்து வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துண்டுகளை வெறும் அலங்காரம் என்று கருதிவிடக் கூடாது. அவை என்றும் கழற்றப்படாத சாரம். பூச்சு வேலைக்கு வருபவர்கள் அவற்றின்மேல் கால் வைத்துத்தான் கோபுர உச்சி வரை ஏறுகிறார்கள். அந்த மரமும் நமக்கு அந்நியமானதன்று, நம் ஊர்ப் பனையின் உடன்பிறப்பான ஆப்பிரிக்கப் பனை அது. கறையானுக்கு எளிதில் இரையாகாத அதன் வைரம் பாய்ந்த மரத்தை நம்மவர்கள் உத்தரமாகவும் வரிச்சாகவும் போட்டதைப் போலவே அவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மழை மண்ணைக் கரைக்கும் என்பதை இதைக் கட்டியவர்கள் அறிந்தேயிருந்தார்கள். ஆகவே ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பாக ஊரே கூடி வெளிச்சுவர் முழுவதையும் புதிதாகப் பூசுகிறது. சிறுவர்கள் குழியில் இறங்கிச் சேற்றை மிதிக்க, பெண்கள் தண்ணீர் சுமந்து வர, இளைஞர்கள் கூடைகளில் மண்ணை ஏந்திக்கொண்டு ஓட, கொத்தனார்கள் ஏணியிலும் மரமுனைகளிலும் நின்று வெறும் உள்ளங்கையாலேயே அதை அப்பித் தேய்க்கிறார்கள். அடுத்த தலைமுறைக் கொத்தனார்கள் தொழில் கற்பதும் அந்தச் சுவரில்தான்.

இந்த அக்கறையிலும் ஓர் ஆபத்து இருந்தது. ஆண்டுக்காண்டு பூசப்பட்ட அடுக்குகள் தடித்து, சுவரின் சுமையைக் கூட்டின. 2009 நவம்பர் 5-ஆம் நாள், ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, தெற்குக் கோபுரத்தின் மேற்பகுதி சரிந்து விழுந்தது. பின்னர் நடந்த சீரமைப்பில் பழைய பூச்சு அடுக்குகளைச் செதுக்கி எடுத்துச் சுவரின் பாரத்தைக் குறைத்தார்கள். சரிந்த கோபுரத்தையும் அதே மண்ணைக் கொண்டே மீண்டும் எழுப்பினார்கள்.