தாழ்ப்பாள் கேட்க ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் நண்பர்களே, கிளம்பலாமா இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரத்தில் பொதுப்பள்ளி வேண்டும் என்று மேடையில் பேசுகிற பெற்றோர், தங்கள் பிள்ளையை மட்டும் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்கலாம் என்பது அவர்கள் கட்சி. கூடாது என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் இறங்கிப் போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "அடுத்துப் பேச வரும் அம்மாவின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலில் கேளுங்கள்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், கேட்க வேண்டிய கேள்வி அது. பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன், இப்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் எழுந்துவிடுவீர்கள்.

முதலில் சண்டை யாரோடு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்தால்தான் படிப்பு என்று நம்புகிறவர் தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்தால் அவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை, அவர் சொன்னதைத்தான் செய்கிறார். காது கேளாத பிள்ளை, வகுப்பில் அடியும் கேலியும் தாங்க முடியாமல் காய்ச்சலில் விழுகிற பிள்ளை, அவர்களுக்கு வேறு பள்ளி தேடுகிற தாயையும் நான் இந்த மேடைக்கு இழுக்கவில்லை. அது தேவை. நான் பேசுவது பயத்துக்குத் தேவை என்று பெயர் வைக்கிறவர்களைப் பற்றி.

எதிரணியின் முதல் பேச்சாளர் அழகாக ஒன்று சொன்னார். "என் பிள்ளை கொடிக்கம்பம் இல்லை, என் கொள்கையை அதில் ஏற்றிக் கட்ட. அவன் சோதனை எலியும் இல்லை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தப் பொதுப்பள்ளியில் ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நண்பரின் பிள்ளை போனால் அது சோதனை. மற்ற முப்பதும் போனால் அது கல்வித் திட்டம். அவர் பிள்ளைக்கு ஆகாத பள்ளி அந்த முப்பதுக்கும் ஆகும் என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்?

நான் பார்த்த ஒரு பள்ளியைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டை நான்கு மட்டும் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பாள். துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அடக்க வேண்டியிருப்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மதியம் தலைவலி என்று மேசையில் சாய்வார்கள். "இந்தப் பெண்களுக்குப் படிப்பில் கவனமே இல்லை" என்பார்கள் பெரியவர்கள். ஒரு தாழ்ப்பாள்!

ஒரு அம்மா கேட்டார். எழுத்தில் கேட்டார். அவர் தொழிற்சங்கத்தில் இருந்தவர், மனு எழுதத் தெரியும், எந்த மேசைக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்று தெரியும். மூன்று முறை நடந்தார். மூன்றாவது முறை தாழ்ப்பாள் வந்தது. கூடவே குழாயும் சரியானது, கேட்காமலே. ஒருத்தி கேட்பாள் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை தானாகவே நடக்கும்.

அடுத்த ஆண்டு அவர் தன் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார். நான் குறை சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் மாற்றினார். தாழ்ப்பாள் மறுபடி கழன்றது. நடுவர் அவர்களே, இந்த முறை கேட்க ஆள் இல்லை. மற்ற அம்மாக்களுக்கு அக்கறை இல்லையா? இருந்தது. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று முறை அலுவலகம் ஏறி இறங்க அவர்களால் முடியாது. பள்ளியை விட்டுப் போனது ஒரு பிள்ளை மட்டும் என்று பதிவேடு சொல்லும். தாழ்ப்பாளைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் இதைத்தான் எழுதினார், அவர் கதை தொடங்குவது நைஜீரியாவின் ரயிலில். அந்த நாட்டின் வடக்கில் விளையும் நிலக்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக நூற்றுக்கணக்கான மைல் தூரம். இவ்வளவு தூரத்துக்கு ரயில்தான் லாபம். ஆனாலும் சரக்கு லாரியில் போனது, ரயில் அவ்வளவு மோசம். போட்டி வந்தால் ரயில் திருந்தும் என்றுதானே நினைப்போம்? திருந்தவில்லை. ஏனென்றால் சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள்தான் முதலில் லாரிக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் சத்தம் போடத் தெரியாதவர்கள், போட்டாலும் யாரும் கேட்காதவர்கள். பொதுப்பள்ளியிலும் இதேதான் நடக்கிறது என்று அவரே எழுதினார். தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிற பெற்றோர்தான் முதலில் வெளியேறுகிறார்கள், பள்ளியைத் திருத்தியிருக்கக் கூடியவர்களும் அவர்கள்தான்.

ஆக, எதிரணி நண்பர்களே, உங்கள் வாதத்தின் வேரே ஆடுகிறது. "என் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் நான் வெளியிலிருந்து பொதுப்பள்ளிக்காகப் போராடுவேன்" என்கிறீர்கள். போராடுவீர்கள், நம்புகிறேன். சட்டம், நிதி, தீர்மானம், எல்லாவற்றுக்கும் போராடுவீர்கள். தாழ்ப்பாள் கழன்றது உங்களுக்கு எப்படித் தெரியும்? மாலையில் வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால்தான் தெரியும்.

இரண்டாவது பேச்சாளர் டயான் அபோட்டின் கதையைச் சொன்னார். நியாயமான உதாரணம், எங்களுக்கு வலிக்கிற உதாரணம். பிரிட்டனின் தொழிற்கட்சி எம்.பி. தன் கட்சித் தலைவர்கள் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளை வெளிப்படையாகக் குறை சொன்னவர். அதே கட்சியின் ஹாரியட் ஹார்மன் 1996இல் தன் மகனை, நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் பள்ளியில் சேர்த்தபோது கண்டித்தவர்களில் ஒருவர். 2003இல் அபோட்டே தன் மகனைக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியில் சேர்த்தார். லண்டன் பள்ளிகளில் கறுப்பினப் பையன்கள் எப்படிக் கைவிடப்படுகிறார்கள் என்று அவர்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாயின் பயம் பொய்யில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் செய்து சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆனால் நண்பர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த முடிவை நியாயப்படுத்த முடியாது என்று சொன்னவர் அபோட் அவர்களேதான். எதிரணி எந்தச் செயலுக்கு இன்று வக்கீலாக வந்திருக்கிறதோ, அதைச் செய்தவரே அந்த வழக்கை வாதாட மறுத்துவிட்டார். அவரை எங்கள் பக்கச் சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே.

மேடையில் சொன்னதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜிம்மி கார்ட்டர் 1976இல் தன் கட்சி மாநாட்டில் பேசும்போது, அரசியல் செல்வாக்கும் பணமும் உள்ளவர்களின் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்குப் போகாமல் காப்பாற்றும் தனியார் பள்ளிகளைச் சாடினார். அடுத்த ஆண்டு அதிபரானார். மகளை வாஷிங்டனில் ஒரு பொதுப்பள்ளியில் சேர்த்தார். பள்ளி வாசலில் கேமராக்கள் மொய்த்தன. அந்தச் சிறுமிக்கு அது சுகமாக இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

"ஒரு ஆள் விட்டுக்கொடுத்தால் உலகம் மாறிவிடுமா?" இதுவும் வந்தது. மாறாது. ஒரு ஆள் ஓட்டுப் போடாவிட்டாலும் தேர்தல் முடிவு மாறாது. அதற்காக நண்பர் வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாரா?

சட்டம் போட்டு எல்லோரையும் சேர்த்துக் கட்டாயப்படுத்தினால் நானும் வருகிறேன் என்கிறார்கள். அதையும் பார்த்தாயிற்று. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசின் தொடக்கப் பள்ளிகளில்தான் சேர்க்க வேண்டும், மீறித் தனியாரில் சேர்த்தால் அங்கே கட்டும் கட்டணத்துக்குச் சமமான தொகையை அரசுக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆறு மாதத்தில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஆறு மாதம் போயிற்று, ஆண்டுகளும் போயின, தீர்ப்பு தாளில் இருக்கிறது. அதற்கு ரொம்ப முன்னால், 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரிக் குழு, எல்லோருக்கும் பொதுவான பள்ளி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பள்ளியில் என்று பரிந்துரைத்தது. 1968இன் தேசியக் கல்விக் கொள்கை அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள், மனசு கஷ்டப்படும்.

முடியவே முடியாதா? ஃபின்லாந்தில் முடிந்தது. பதினொரு வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து, சிலரை மேல்படிப்புக்கும் மற்றவரை வேலைக்கும் அனுப்பிய நாடு அது. அங்கே 1968இல் சட்டம் வந்தது. 1972இல் வடக்குக் கோடியில் லாப்லாந்தில் தொடங்கி, 1977இல் தெற்கே தலைநகரப் பகுதிவரை எல்லோருக்கும் ஒரே ஒன்பதாண்டுப் பள்ளி வந்துவிட்டது. தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை அதற்குள் சேர்ந்துவிட்டன. இன்றும் அங்கே அடிப்படைக் கல்விக்குத் தனியார் பொதுவாகக் கட்டணம் வாங்க முடியாது. நீதிபதியின் பிள்ளையும் தச்சரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால், அந்த வகுப்பில் மழை ஒழுகினால் நீதிபதிக்கும் ஒழுகும். கூரை சீக்கிரம் சரியாகும்.

அடுத்து, உரிமை. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம், பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்கிறது. இருக்கிறது, படித்திருக்கிறேன். பிள்ளைகளின் மூளையில் அரசு நஞ்சேற்றிய ஹிட்லர் காலத்தைப் பார்த்த சூட்டோடு எழுதியது அது. உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் உரிமையைப் பற்றி யாரும் பட்டிமன்றம் போடவில்லை, மேடையில் பேசிய பேச்சைப் பற்றித்தான் போட்டிருக்கிறோம்.

இன்னொன்று இருக்கிறது, இதுதான் எனக்குப் பெரிய கவலை. கட்டணம் கட்டத் தொடங்கிய பிறகு நாம் அதே ஆளாக இருப்பதில்லை. முதல் ஆண்டு கூச்சம் இருக்கும். "வேறு வழியில்லாமல்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வோம். மூன்றாம் ஆண்டு, "நம்ம பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது" என்போம். ஐந்தாம் ஆண்டு, "அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்தால்..." என்று ஒரு வாக்கியம் வாய்வரை வந்து நிற்கும். அந்தப் பிள்ளைகள் யார்? நாம் கூட்டம் போட்டு யாருக்காகப் பேசினோமோ அவர்கள். 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி, அந்தப் பணம் பொதுப்பள்ளிகளுக்கு என்கிறது அரசு. கட்டணம் கட்டிக்கொண்டே சமத்துவம் பேசும் ஒரு தகப்பன் அந்த வரிக்கு எந்தப் பக்கம் கை தூக்குவார்? கை பாதி தூரம் போய் நிற்கும். ரசீது பேசும், மனிதர் பேச மாட்டார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். எதிரணித் தலைவர் அதைப் பாட்டி காலத்துப் பேச்சு என்று தள்ளினார். பாட்டி சாமானியப்பட்டவள் இல்லை ஐயா. ஊர்ப் பிள்ளைக்கும் சேர்த்து வைக்கிற உலை பெரிய உலை, அதில் தன் பிள்ளைக்குக் குறையாது என்று அவளுக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு மட்டும் தனி அடுப்பு மூட்டினால் பெரிய உலையைக் கவனிக்க ஆள் இருக்காது என்றும் தெரியும்.

மணியடிக்க நடுவர் கை நீள்கிறது. கேள்விக்கு வந்துவிடுகிறேன்.

என் மகள் பொதுப்பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பெரிய தியாகி இல்லை. ஆறாம் வகுப்புக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியின் விண்ணப்பம் வாங்கி, புகைப்படம் ஒட்டி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பெற்றோர் கையெழுத்து மட்டும் போடவில்லை. இரண்டு வாரம் மேசையிலேயே கிடந்தது. "இதை எப்போது கொடுக்கப் போகிறாய்?" என்று கணவர் கேட்டார். கடைசித் தேதி போன பிறகு எடுத்து அலமாரியில் வைத்தேன். அது கொள்கை உறுதியா, தயக்கமா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மகளுக்கு இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த ஆண்டு நான்கு மாதமாக அவள் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை.

அதற்குத்தான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், இதோ பையில் இருக்கிறது. அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர் மட்டும்தான் அதில் கையெழுத்துப் போடலாம். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. இறங்கும்போது எதிரணித் தலைவரிடமும் நீட்டலாம் என்று நினைத்தேன். என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர், நாலு பேரைத் தெரிந்தவர், அவர் பெயர் மேலே இருந்தால் அதிகாரி உட்காரச் சொல்லியே பேசுவார். ஆனால் அவர் கையெழுத்து செல்லாதே.

நன்றி, வணக்கம்.