அரண்டவன் கண்ணில் மாஸ்கோ

விழாத் தலைவர் ஐயா அவர்களே, இந்த வெயிலிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தலும் மைக்செட்டும் காசு வாங்காமல் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, இன்றும் நான் பயந்து பேசும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ரஷ்யப் புரட்சிக்காரர்கள் வெளிநாடுகளில் என்ன செய்யப் பார்த்தார்கள், மேற்கு நாடுகள் ஏன் நடுங்கின, அந்த நடுக்கம் இந்தியாவை என்ன பாடு படுத்தியது.

1919 மார்ச்சில் மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் அகிலம் பிறந்தது. பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு அது. தலைவர் ஜினோவியேவ். அதே மாதம் ஹங்கேரியில் கம்யூனிஸ்ட் தலைவர் பேலா குன் கூட்டம் ஆட்சியைப் பிடித்தது. 133 நாள்தான் தாக்குப்பிடித்தது. 1920 ஆகஸ்டில் போலந்துத் தலைநகர் வார்சா வாசல்வரை போன ரஷ்யச் செம்படை தோற்றுத் திரும்பியது. அடுத்த மாதமே அஜர்பைஜானின் பாகூ நகரில் கீழைநாட்டு மக்கள் மாநாடு. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் மீது புனிதப்போர் என்று ஜினோவியேவ் முழங்க, வந்தவர்கள் வாளையும் துப்பாக்கியையும் தூக்கி ஆர்ப்பரித்தார்கள். ஆறு மாதம் போனது. அதே பிரிட்டனோடு மாஸ்கோ வர்த்தக ஒப்பந்தம் போட்டது. ஆசியாவில் பிரிட்டனுக்கு எதிராகப் பிரசாரம் செய்வதில்லை என்று வாக்கும் கொடுத்தது!

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்தக் கதையைக் கேளுங்கள். 1924 அக்டோபர். பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசு கவிழ்ந்து, 29ஆம் தேதி தேர்தல். பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் பிரசாரத்தில் இருக்கிறார். 25ஆம் தேதி, சனிக்கிழமை காலை, டெய்லி மெயில் நாளிதழைப் பிரித்தால் ஒரு கடிதம். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளுக்கு ஜினோவியேவ் எழுதியதாம். பட்டாளத்துக்குள்ளே புகுந்து வேலை செய்யுங்கள் என்கிறதாம். நான் எழுதவே இல்லை என்றார் ஜினோவியேவ். யார் காதில் வாங்கினார்கள்? சரி, மூலக் கடிதம் எங்கே? இன்றுவரை கிடைக்கவில்லை! கன்சர்வேடிவ் கட்சி 400க்கு மேல் இடம் பிடித்தது. தொழிற்கட்சி 191லிருந்து 151க்கு இறங்கியது. அதற்கு விழுந்த ஓட்டு என்னவோ கூடித்தான் இருந்தது, துடைத்தெறியப்பட்டவர்கள் லிபரல்கள். ஆனாலும் அந்தக் கடிதம்தான் கவிழ்த்தது என்று தொழிற்கட்சிக்காரர்கள் பல காலம் புலம்பினார்கள்.

1999இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் வரலாற்றாய்வாளரே பழைய கோப்புகளைத் துழாவி, அது அநேகமாகப் போலிதான் என்று அறிக்கை தந்தார். 75 வருஷம் கழித்து! கோப்புகள் இருந்ததால் துழாவ முடிந்தது.

நம் ஊர் நூலகத்துக்கு வாருங்கள். பைண்டு போட்ட பழைய நாளிதழ்கள் மழை ஒழுகும் பின்னறையில் கிடக்கின்றன. போன வாரம் ஒரு தொகுதியைத் திறந்தேன், தாளின் ஓரம் கையோடு வந்துவிட்டது. மிச்சத்தை எடைக்குப் போடப் போவதாகப் பேச்சு. அதுவும் போய்விட்டால், அப்புறம் எவனாவது ஒரு பொய்க் கடிதத்தோடு வந்து நின்றால் எதைக் காட்டி மறுப்போம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறையையும் நாமே இருட்டாக்க வேண்டுமா? நகர்மன்றத் தலைவர் அம்மா மனது வைத்தால் ஓர் இரும்பு அலமாரியும் ஒழுகாத கூரையும் பெரிய செலவில்லை.

மூன்றாவது செய்தி, 1924 கான்பூர் சதி வழக்கு. பிரிட்டிஷ் மன்னரின் இறையாண்மையைப் பறிக்க இந்தியக் கம்யூனிஸ்டுகள் சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. நம் சிங்காரவேலர் பெயரும் அதில் இருந்தது. அதை விரித்துச் சொல்ல ஆசைதான். செயலாளர் இரண்டாவது துண்டுச்சீட்டும் நீட்டிவிட்டார்.

அலமாரி கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.