"ஓம், செய்வம்"

(யாழ்ப்பாணத்து வணிகர் ஒன்றுகூடலொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே,

கடைகளில் மாற்றத்தை எதிர்ப்பவர்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். எதிர்ப்பவன் வாய் திறந்து பேசுகிறான். அவனோடு வாதாடலாம், சில வேளை அவன் சொல்வதே சரியாகவும் இருக்கும். எனக்குக் கவலை தருபவர் வேறொருவர். எதைச் சொன்னாலும் "ஓம், செய்வம்" என்று தலையாட்டிவிட்டு, மறுநாளும் பழையபடியே வேலை பார்ப்பவர் அவர். இன்று அவரைப் பற்றியே பேசப்போகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடை. பெயரும் சந்தியும் வேண்டாம். மகன் கொழும்பில் படித்துவிட்டு வந்து, பில் அடிக்கும் கணினியும் ஸ்கானரும் வாங்கி வைத்தார். நல்ல நாள் பார்த்துத் திரைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். சிப்பந்திகளுக்கு விளக்கம் கொடுக்க என்னை அழைத்தார்கள். நானும் இரண்டு மணி நேரம் பேசினேன். நான்கு மாதம் கழித்துப் போனபோது, பொட்டுக் காய்ந்து உதிர்ந்திருந்தது. கணினியின் மேல் துணி போர்த்தி, அதன் பக்கத்தில் கடன் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு, முப்பது வருடமாக அந்தக் கடையில் இருக்கும் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "ஓம் தம்பி, செய்வம். இந்த மாதக் கணக்கு முடியட்டும்" என்றார்.

இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஏழு மணிக்குக் கதவு திறந்து இரவு எட்டரைக்குப் பூட்டும் மனிதரைச் சோம்பேறி என்பது அநியாயம். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தால் காரணங்கள் தெரிகின்றன. ஸ்கானரைப் பிடிக்கும் பெடியன் பிழையாக அடித்து மாலையில் காசு துண்டு விழுந்தால், அது அவனுடைய சம்பளத்தில் பிடிக்கப்படும். கொப்பியில் எழுதினால் அந்தப் பயம் இல்லை. மகன் புதிய முறை என்கிறார், ஆனால் லாச்சியின் முன்னால் அமர்ந்திருக்கும் தகப்பனார் இன்னும் சிட்டைத் துண்டில்தான் கூட்டுகிறார். சிப்பந்திகள் மகனுடைய சொல்லைக் கேட்டுக்கொண்டு தகப்பனாரின் கையைப் பார்க்கிறார்கள். பழைய வழியும் திறந்து கிடக்கிறது, அதில் தண்டனையும் இல்லை என்றால், புதிய வழியில் முதலில் கால் வைப்பவன் எவன்?

நமது ஊரின் அனுபவத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து வணிகருக்கு மாறத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள், மின்சாரமும் பெற்றோலும் இல்லாமல், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஜாம் போத்தல் விளக்கில் கடை நடத்தியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அன்று மாறாமல் இருக்க வழியே இருக்கவில்லை. ஆனால் அதே காலம் இன்னொரு பாடத்தையும் நமக்குள் பதித்துவிட்டது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை 2002இல் திறந்தது, அதை நம்பிப் பொருள் எடுத்தோம், 2006இல் மூடியது, போர் முடிந்த பிறகே மீண்டும் திறந்தது. வருவது நிலைக்குமா என்று பொறுத்துப் பார்ப்பது அந்த நாட்களில் சம்பாதித்த புத்தி. அன்று நம்மைக் காப்பாற்றிய அந்தப் பொறுமை, 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் கட்டடம் எழும்பிய பின்னும் அப்படியே தொடர்ந்தது என்பதே என் மனத்தாங்கல்.

காத்திருப்பது நமக்கு மட்டும் உரிய நோயன்று. பொருட்களின் மேல் அச்சடித்து ஸ்கானரால் வாசிக்கும் கோட்டுக்குறியை (பார்கோட்) எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், 1974 ஜூன் 26ஆம் திகதி, ஒரு சூயிங்கம் பொதிதான் அந்த முறையில் முதன்முதலாக விலைபோட்டு விற்கப்பட்டது. அதன் பிறகும் பல வருடங்கள் விடயம் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. கடைகளில் கருவி வந்தால் கோடு அச்சடிப்போம் என்று உற்பத்தியாளர் இருந்தார்கள். பொருட்களில் கோடு வந்தால் கருவி வாங்குவோம் என்று கடைக்காரர் இருந்தார்கள். இரு பகுதியாரும் அந்த முறை நல்லது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மொழியிலும் "ஓம், செய்வம்" இருந்திருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது பற்றி எனக்குப் பிடித்த ஆய்வொன்று உண்டு. பேசி விளக்கம் கொடுக்கும் என் தொழிலுக்கு அது அவமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின் போது அமெரிக்காவில் இறைச்சி தட்டுப்பாடாக இருந்தது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைக் குடும்பப் பெண்கள் சமைக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. (நம்மிடையே ஆட்டு ஈரலுக்கும் குடலுக்கும் பிரசாரம் தேவைப்பட்டதில்லை, அங்கே அவை ஏழைகளின் உணவு என்ற அருவருப்பு இருந்தது.) கேர்ட் லெவின் என்ற உளவியலாளர் சில குழுக்களுக்குச் சிறந்த சொற்பொழிவு கொடுக்கச் செய்தார். வேறு சில குழுக்களைத் தமக்குள் பேசவைத்து, இடைஞ்சல் என்ன என்று அவர்களையே சொல்லவைத்து, முடிவில் யார் சமைத்துப் பார்க்கிறீர்கள் என்று கை உயர்த்தச் சொன்னார். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர் மட்டுமே சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர். அந்தக் கடையில் நான் பேசிய இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எனவே இரண்டாம் முறை நான் பேசவில்லை. கடை பூட்டிய பிறகு, பிளேன்ரீயோடு ஏழு பேரையும் சாக்குகளுக்கு நடுவே இருத்தி, என்ன இடைஞ்சல் என்று மட்டும் கேட்டோம். முதலில் நெடுநேரம் மௌனம். பிறகு துண்டு விழுவது வெளியே வந்தது. முதல் இரண்டு மாதப் பிழை எவருடைய சம்பளத்திலும் பிடிக்கப்படாது என்று தகப்பனார் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் வாயால் வந்ததுதான் முக்கியம். முழுக் கடையையும் மாற்றுவதை விட்டுவிட்டு, சவர்க்காரமும் பற்பசையும் இருக்கும் ஒரு தட்டை மட்டும் தொடங்குவதென்று பெடியன்களே முடிவெடுத்தார்கள். திகதியையும் அவர்களே வைத்தார்கள். அந்தத் தட்டுப் பொருளுக்கு அன்றிலிருந்து கையால் சிட்டை எழுதுவதில்லை என்று தகப்பனாரும் ஒப்புக்கொண்டார். இதில் அவருக்குத்தான் அதிகக் கஷ்டம். பேனையை எடுத்து எடுத்து வைத்ததை நானே கண்டேன்.

கணக்கப்பிள்ளை கடைசியாகத்தான் பேசினார். கணினி ஒவ்வொரு கடன்காரருக்கும் முழுப்பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்கிறதாம். கொப்பியில் இருப்பதோ "சந்தி ரீச்சர்", "பனையடி மாமா", "கிணத்தடி அண்ணையின் மருமகன்". யார் சம்பளம் எடுத்ததும் கொடுப்பார், யாருக்கு வெங்காயம் விற்ற பிறகுதான் காசு வரும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தது. அதை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் தமக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கொப்பியை மடியில் வைத்திருந்த விதத்தில் அது தெரிந்தது. கடன் கணக்கை உள்ளே போடுவதற்கு அவரையே பொறுப்பாக வைத்தார்கள். தட்டச்சுச் செய்வது ஒரு பெடியன், சொல்லிக்கொடுப்பது அவர்.

போன மாதம் போனேன். ஒரு முதியவர் சீனியும் பருப்பும் வாங்கிவிட்டுக் கணக்கில் எழுதச் சொன்னார். பெடியன் திரையைத் திருப்பினான். பெயர் என்ற இடத்தில் முழுப்பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கணக்கப்பிள்ளையின் பிடிவாதத்தினால் சேர்த்த இன்னொரு கட்டத்தில், "பனையடி மாமா" என்றிருந்தது.