நூறு லைன்

(குன்னூரில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த மழையிலும் வெலிங்டனிலிருந்து நடந்தே வந்திருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா அவர்களே, படகர் சமூகத்துப் பெரியவர்களே, எனக்குச் சால்வை போர்த்திச் சிறப்பித்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போடுவதிலிருந்து மைக் செட் வரை ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் எஸ்டேட் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பேசுங்கள், பிள்ளைகளுக்கு அகராதி பார்க்கும் ஆசை வரட்டும் என்று கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 'லைன்'. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது, அதற்கு எத்தனை பொருள், அகராதியைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்ப்பது. ஆனால் எங்கே பேசப் போனாலும் என் அம்மாவின் பழமொழியைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். இங்கே அது எதற்கு என்று போகப்போகத் தெரியும்.

லத்தீன் மொழியில் 'லீனம்' என்றால் ஆளிச் செடி. ஆளி விதை என்று மளிகைக் கடையில் விற்கிறார்களே, அதே செடிதான். அதன் தண்டில் நார் உரித்துத் திரித்த நூலுக்கு 'லீனியா' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் லைன். லினன் துணியும், கோட்டுக்கு உள்பக்கம் தைக்கிற லைனிங்கும் அதற்குச் சொந்தக்காரர்கள். ஆக, முதலில் இருந்தது நூல்; கோடு அப்புறம் வந்தது. கொத்தனார் சுவர் வைக்கும்போது இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறாரே, அந்த நூல் போன வழிதான் கோடு. நாமும் நேராக இருப்பதை 'நூல் பிடித்த மாதிரி' என்கிறோம். புத்தகத்துக்கும் நூல் என்றே பெயர் வைத்திருக்கிறோம். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்று நன்னூல் பாயிரம் சொல்கிறது. நூலகத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லக் கிடைத்தது என் பாக்கியம்.

அந்த நூல் எங்கெங்கே போயிருக்கிறது பாருங்கள். தூண்டில்காரர் கையில் இருக்கும் நரம்பு லைன். துணி காயப்போடும் கொடி லைன். கவிதையின் அடி லைன், நாடகக்காரர் மனப்பாடம் செய்யும் வசனம் லைன், வம்சம் லைன், கப்பல் கம்பெனி லைன். கப்பல்காரர்களுக்கு வெறுமனே 'லைன்' என்றால் பூமத்திய ரேகை. நம்மிடம் வந்த பிறகு அது சும்மா இருக்குமா? ரேஷன் கடையில் லைன், போனில் 'லைன்ல இருங்க', கரண்ட் போனால் லைன்மேன். 'அவன் லைனே வேற' என்றால் தொழில். பையன் லைன் விடுகிறான் என்றால் வீட்டில் பேச்சு எழும். 1899-இலிருந்து இந்தக் குன்னூருக்கு வருகிற மலை ரயிலுக்கும் லைன் கிளியர் கொடுக்க வேண்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இன்னொரு லைன் ஓடுகிறது. பிள்ளைகள் போய்ப் பாருங்கள்.

'டெட்லைன்' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். 1864-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் போர்க் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். சுற்றுச் சுவருக்கு உள்ளே ஒரு வேலி. அதைத் தாண்டினால் காவலாளி சுட்டுவிடுவான். அதற்குப் பெயர் டெட்லைன். இன்றைக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு அதைச் சொல்கிறோம்.

இனி நம் மலையின் பொருளுக்கு வருகிறேன். பட்டாளத்தில் கூடாரங்களை வரிசையாக அடிப்பார்கள். அந்த வரிசைக்கு லைன்ஸ் என்று பெயர். சுபேதார் ஐயாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போலீஸ் குடியிருப்பைப் போலீஸ் லைன் என்பதும், வடக்கே ஊருக்கு ஊர் சிவில் லைன்ஸ் இருப்பதும் அந்த வழியில்தான். தேயிலைத் தோட்டம் போட்ட துரைமார் தொழிலாளிக்கும் அதே மாதிரி ஒட்டு ஒட்டாக அறைகளைக் கட்டி லைன் என்றார்கள். இலங்கை மலையகத்தில் நம் மக்கள் வாயில் அது 'லயம்' ஆகிவிட்டது. அறைக்குக் காம்பரா, அது போர்த்துக்கீசியச் சொல். வாசல் திண்ணைக்கு இஸ்தோப்பு, அது டச்சுச் சொல். எத்தனை நாட்டுக்காரன் சொல் கிடந்தாலும் அந்த வீட்டில் எங்களுக்குச் சொந்தமானது எதுவும் இருந்ததில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அம்மா சொன்னது அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்துதான்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதிக்கொண்டார்கள். அதில் நாங்கள் ஐந்து பேர். 1972-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேயும் லைன்.

1974-இல் நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் புதிது. இங்கிலீஷ் பீரியடில் பக்கத்துப் பையனோடு பேசிவிட்டேன். சார் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு நூறு லைன் எழுதிட்டு வா" என்றார். 'வகுப்பில் பேச மாட்டேன்' என்று நூறு தடவை எழுத வேண்டும், அதுதான் தண்டனை. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்த லைன் ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மேல் லைன். கீழ் லைன். ஆஸ்பத்திரி லைன். ஃபேக்டரி லைன். மாட்டுப்பட்டி லைன். எங்கள் எஸ்டேட், பக்கத்து எஸ்டேட் எல்லாம் சேர்த்து பதினாலு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அழுகை வந்துவிட்டது. அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக் கூட அவிழ்க்காமல் வந்து என்ன என்று கேட்டாள். அப்பா வந்தார், விஷயத்தைக் கேட்டார், "வாடா" என்று மழையிலேயே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போனோம். "தம்பிக்கு இஸ்கூல்ல நூறு லைன் கேட்டிருக்காங்க, தெரிஞ்சதச் சொல்லுங்க."

மூலைக் காம்பராவில் ஒரு ஆயா இருந்தாள். "ஹட்டன் பக்கம் எங்க லயம் இருந்துச்சே, அத எழுதலாமா?" என்று கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதுடா" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பண்டாரவளை, பதுளை, தலவாக்கலை, மஸ்கெலியா. மேட்டு லயம், பணிய லயம், தகர லயம், இருபது காம்பரா லயம், இஸ்டோர் லயம், கோயில் லயம். ஒரு பெயர் சொன்னால் அதில் யார் இருந்தார்கள், எந்தக் காம்பராவில் கல்யாணம் நடந்தது, கொல்லையில் என்ன மரம் நின்றது என்று ஒரு கதை. ஒருத்தர் ஒரு பெயரைச் சொன்னதும் இன்னொருத்தர் "அடி, நீ அந்தத் தோட்டமா?" என்று கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள்! ஒரு தாத்தா மட்டும் வாயே திறக்கவில்லை. "அந்தப் பேரச் சொன்னா எனக்குத் தூக்கம் போயிரும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். ராத்திரி தொண்ணூற்றொன்பதில் நின்றது. விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகிற வழியில் ஜன்னலைத் தட்டி அவரே வந்து சொன்னார். அது நூறு.

சார் நோட்டை வாங்கிப் படித்தார். "இதெல்லாம் எங்கடா இருக்கு?" என்றார். "கொஞ்சம் இங்க சார், மத்தது சிலோன்ல" என்றேன். என்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி நூறையும் வாசிக்கச் சொன்னார். அப்புறம் கரும்பலகையில் லைன் என்று ஆங்கிலத்தில் எழுதி, கோடு, வரிசை, கயிறு என்று ஒவ்வொரு பொருளாகக் கீழே எழுதிக்கொண்டு வந்தார். ஏழாவதாக 'வீடு' என்று எழுதினார். நான் ஆங்கில ஆசிரியர் ஆனது அந்த ஏழாவது பொருளால்தான்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறவருக்கு நிர்வாகம் வீடு தர வேண்டும் என்று சொன்னது. நல்ல சட்டம். ஆனால் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் அப்பா கொழுந்துக் காட்டில் கவாத்து வெட்டிய கையோடு ஓய்வு பெற்றார். வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் சேர வேண்டிய பணம் வரும் என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, கப்பலில் வந்த அதே தகரப் பெட்டியோடு வெளியே வந்தோம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அன்றைக்கு அம்மா சொல்லவில்லை. நான்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக வருகிறது. இந்த அலமாரிகளில் இருக்கும் புத்தகங்களில் அந்தப் பைசாவும் இருக்கிறது. லைன் வீட்டுக்காரர் பெயரில் வீட்டு வரி ரசீது கிடையாது, பட்டா கிடையாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் மழை பலமாகப் பெய்தால் லைனில் இருக்கிறவர்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரம் ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சுவர் அவர்களுடையது இல்லையே, எப்படிப் பூசுவார்கள்?

தலைவர் அம்மையார் அவர்களையும் மேடையில் இருக்கும் பெரியவர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இரண்டு தலைமுறை உழைத்து ஓய்வு பெற்ற குடும்பத்துக்கு இந்த மலையிலேயே பாதுகாப்பான இடத்தில் அவர்கள் பெயரில் பட்டாவோடு ஒரு வீடு வேண்டும். எலி வளை போதும், தனி வளையாக இருக்கட்டும்.

அகராதி பார்க்கும் முறையைச் சொல்ல நேரமில்லை. நூலகர் அம்மாவிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

வாசல் பக்கம் மேஜையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோகிறோம். லைனில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள். முகவரிக் கட்டத்தில் எஸ்டேட் பெயரோடு விட்டுவிடாமல் உங்கள் லைன் பெயரையும் எழுதுங்கள். சிலோனில் இருந்த லயத்தின் பெயர் ஞாபகம் இருந்தால் அதையும் எழுதலாம், பக்கம் நிறைய இருக்கிறது. பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. நன்றி, வணக்கம்.