சொல்லாமல் விட்ட பக்கங்கள்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பியவர்கள் எழுதிய தன்வரலாறுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். சாட்டையடி, ஏலம், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றது எல்லாம் அந்தப் புத்தகங்களில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். அவர்கள் வேண்டுமென்றே எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பிரெடரிக் டக்ளஸை எடுத்துக்கொள்வோம். மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து, 1838இல் பால்டிமோரிலிருந்து தப்பியவர். அவர் மேடையில் பேசிய அழகைக் கேட்டவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இந்த ஆள் அடிமையாக இருந்திருப்பாரா என்று. 1845இல் புத்தகம் எழுதி, எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். அதனால் தலைக்கே ஆபத்து. அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனார். அங்கே கிடைத்த நண்பர்கள் பணம் திரட்டி, 1846இல் 150 பிரிட்டிஷ் பவுண்டுக்கு அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

இத்தனை துணிச்சல்காரர், தான் எப்படித் தப்பினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உதவியவர்கள் மாட்டிக்கொள்வார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபட்டுவிடும் என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார். 1849இல் ஹென்றி பிரவுன் என்பவர் மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டு, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குப் பார்சலாகவே போய்ச் சேர்ந்தார். 27 மணி நேரப் பயணம். செய்தி ஊரெல்லாம் பரவியது. டக்ளஸுக்கு அதில் வருத்தம்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் அதே போலப் பெட்டியில் வந்திருப்பார்களே என்றார். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

சரி, டக்ளஸ் தப்பிய விதம்? அடிமைமுறை ஒழிந்த பிறகு வந்த 1881ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. மாலுமி உடை, ஒரு மாலுமி நண்பரிடம் இரவல் வாங்கிய சான்றிதழ், அதாவது அடிமையல்லாத சுதந்திர மாலுமி என்று காட்டும் தாள். அதில் குறித்திருந்த அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தவே இல்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் உற்றுப் பார்ப்பார்கள் என்று, ரயில் கிளம்பும் நேரத்தில் ஏறிக்கொண்டார். கண்டக்டர் கழுகுச் சின்னம் போட்ட அந்தத் தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஹேரியட் ஜேக்கப்ஸ் விஷயம் இன்னும் சிக்கலானது. வட கரோலினாவின் ஈடன்டன் ஊர்க்காரர். ஒரு டாக்டரின் பாலியல் தொல்லையிலிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கு அடியில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், மிக உயரமான இடத்திலேயே 3 அடி. கையில் அகப்பட்ட துளைப்பானால் வரிசை வரிசையாகத் துளையிட்டு, நடுவில் மிஞ்சியதையும் குடைந்து, ஓர் அங்குல ஓட்டை செய்து, அதன் வழியாகத் தன் பிள்ளைகளைப் பார்த்தார். நியூயார்க்கிலிருந்து வருவதுபோலக் கடிதம் அனுப்பவைத்து அந்த டாக்டரை அலையவிட்டார். காரியக்காரிதான்!

1861இல் புத்தகம் வெளிவந்தபோது, மற்றவர்களை முன்னிட்டு ஆட்களின் பெயரை மாற்றி, ஊர்ப் பெயர்களை மறைத்தார். தன் பெயரைக்கூட லிண்டா பிரெண்ட் என்று வைத்துக்கொண்டார். அந்தக் கரிசனம் அவருக்கே வினையாயிற்று. வெறும் நாவல் என்றார்கள். பதிப்பாசிரியரான லிடியா மரியா சைல்ட் எழுதியது என்றும் சொன்னார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் தேடியெடுத்து, 1987இல் தாம் கொண்டுவந்த பதிப்பில், இது ஜேக்கப்ஸே எழுதிய சொந்தக் கதைதான் என்று நிறுவினார். அதற்குள் ஜேக்கப்ஸ் இறந்து 90 ஆண்டுகள் ஆகியிருந்தன.