யாரால் நிறுத்த முடியும்? ஆதிக்கமும் பணிவும் திரையில்

[திரையில்: களியக்காவிளை சந்திப்பு. தமிழ்நாட்டுப் பேருந்தும் கேரளப் பேருந்தும் அடுத்தடுத்து.]

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பேசப்போவது பெரியவர்களுக்கான விஷயம். 18 வயது ஆகாதவர்கள் இந்த வீடியோவை விட்டுவிடுங்கள்.

காதலிலோ கல்யாணத்திலோ இருக்கும் இரண்டு பேர் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு, ஒருவர் கட்டளையிடுபவராகவும் மற்றவர் பணிபவராகவும் இருக்கும் உறவு ஒன்று உண்டு. கட்டிப்போடுதல், அடக்குதல், பணிதல், வலி தருதல், பெறுதல் என எல்லாம் சேர்ந்து பி.டி.எஸ்.எம். என்று சொல்லப்படுவதில் இது ஒரு பகுதி. கட்டளையிடுபவரை டாம் என்றும் பணிபவரை சப் என்றும் அந்த வட்டத்தில் சொல்வார்கள். இந்த உறவை சினிமா எப்படிக் காட்டுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாறசாலையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், இந்தத் தலைப்பைச் சொன்னதும் கேட்டார்: "மக்ளே, பொண்ண அடிக்கியதும் மிரட்டியதும் தப்புண்ணு நீதானே சொல்லுவ. இது மட்டும் எப்பிடி செரியாவும்?" நல்ல கேள்வி. நான் பேசப்போவது முழுவதும் அவருக்கான பதில்தான்.

[திரையில்: குழித்துறை ரயில் நிலையம், திருவனந்தபுரம் தம்பானூர், கைரளி தியேட்டர் வாசல்.]

எல்லையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. தமிழ்ப் படமும் மலையாளப் படமும் நாங்கள் ஒரே மூச்சில் பார்த்து வளர்ந்தவர்கள். டிசம்பர் வந்தால் குழித்துறையில் ரயில் ஏறி தம்பானூரில் இறங்கி, கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் போய்விடலாம். திரைப்பட விழாப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழில் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். அதனால் ஊர் தியேட்டருக்கு வரவே வராத படங்கள் அங்கே பெரிய திரையில் ஓடும். இந்த இரண்டு வகைப் படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது.

1992இல் வந்த 'மன்னன்' நினைவிருக்கும். விஜயசாந்தி பெரிய தொழிலதிபர், ரஜினிகாந்த் அவருடைய தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். திமிர் பிடித்த பெண்ணை அடக்கி வழிக்குக் கொண்டுவரும் கதை. கடைசியில் அந்தம்மா வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கணவனை வேலைக்கு அனுப்பிவைப்பார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கைதட்டினோம். தெலுங்கில் 2017இல் வந்த 'அர்ஜுன் ரெட்டி'யில் நாயகன் கல்லூரி வகுப்புக்குள் புகுந்து, இந்தப் பெண் என்னுடையவள், யாரும் கிட்ட வரக்கூடாது என்று அறிவிக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத் தீவிரமான காதல் என்றே படம் நம்மிடம் விற்றது.

இவை இரண்டும் ஆதிக்கத்தையும் பணிவையும் காட்டும் படங்கள்தான். இல்லாதது ஒன்றே ஒன்று, சம்மதம். அது இல்லாமல் வந்த படம் நமக்கு வீட்டுப் படமாகவும் காதல் படமாகவும் தெரிகிறது. சம்மதத்தை வெளிப்படையாகப் பேசுகிற படம் வந்தால் மட்டும் ஆபாசம் என்று முகம் சுளிக்கிறோம். இந்தத் தலைகீழ் வழக்கம் எனக்கு உண்மையாகவே கோபம் வரவைக்கிறது.

மலையாளத்தில் 2019இல் 'கும்பளங்கி நைட்ஸ்' இதைத் திருப்பிப் போட்டது. ஃபஹத் ஃபாசில் நடித்த ஷம்மி, குரல் உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, வீட்டில் உள்ள பெண்கள் எல்லோரையும் தன் கைக்குள் வைத்திருப்பவன். மற்ற படங்களில் நாயகனுக்குக் கிடைக்கும் மரியாதை இங்கே அவனுக்குக் கிடைக்கவில்லை. பார்க்கிற நமக்கு முதுகு சில்லிடுகிறது. கட்டுப்படுத்துவது வேறு, கேட்டுக்கொண்டு கட்டளையிடுவது வேறு என்று புரியவைக்க ஷம்மியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவனிடம் "நிறுத்து" என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வழி இல்லை.

[திரையில்: கறுப்புப் பின்னணி. மூன்று வட்டங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை.]

சரி, சம்மதத்தோடு நடக்கும் உறவில் என்ன இருக்கிறது? முதலில் பேச்சு. எது பிடிக்கும், எது கூடவே கூடாது, உடம்பில் என்ன கோளாறு, மனதில் எந்த இடம் புண் என்று இருவரும் பேசிக்கொள்வது. அடுத்து, சேஃப் வேர்ட். அந்தச் சொல்லைச் சொன்னால் அந்த நொடியே எல்லாம் நிற்க வேண்டும். நிறைய பேர் சிக்னல் விளக்கு நிறங்களைப் பயன்படுத்துவார்கள்: பச்சை தொடரலாம், மஞ்சள் மெதுவாக, சிவப்பு நிறுத்து. முடிந்த பிறகு ஆஃப்டர்கேர். தண்ணீர் கொடுப்பது, போர்த்திவிடுவது, பக்கத்திலேயே இருந்து பேசுவது. 'பாதுகாப்பு, தெளிந்த புத்தி, சம்மதம்' என்ற மூன்றும் சேர்ந்த கோட்பாடு 1980களில் அமெரிக்காவில் இந்த வட்டத்துக்குள்ளிருந்தே வந்தது.

ஆக, பணிபவர் கையில்தான் பிரேக் இருக்கிறது. அக்கா, உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

ஆனால் சினிமாவுக்கு இந்தப் பேச்சு என்றாலே பயம். பேசினால் சூடு போய்விடும் என்று நினைத்து, கண்ணும் கண்ணும் பார்த்தவுடன் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறார்கள். 2002இல் வந்த 'செக்ரட்டரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மேகி ஜிலன்ஹால், ஜேம்ஸ் ஸ்பேடர். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ள ஒரு பெண், மனநலச் சிகிச்சை முடிந்து வந்து ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்கிறாள். தப்பாக அடித்த கடிதத்துக்காக ஒருநாள் அவர் அவளை மேஜைமேல் குனியச் சொல்லி அடிக்கிறார். அவளுக்கு அது பிடித்துவிடுகிறது. பணிவை விரும்பும் பெண்ணை நோயாளியாகவோ கேலிப்பொருளாகவோ பார்க்காமல், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதற்காகப் பிடிவாதம் பிடிக்கும் மனுஷியாகக் காட்டியதால் இந்தப் படத்தை நிறைய பேர் நெஞ்சோடு வைத்திருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும்.

ஆனாலும் அந்த முதல் அடியை யோசியுங்கள். சம்பளம் கொடுக்கும் ஆள், வேலைக்கு வந்த பெண்ணிடம் ஒன்றும் கேட்காமல் அடிக்கிறார். அவளுக்குப் பிடித்தது அதிர்ஷ்டம். பிடிக்காமல் போயிருந்தால் அதன் பெயர் வேறு. மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதலாளியிடம் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? பிடிக்கும் என்று பிறகு தெரியவந்தது, முன்பே கேட்காததைச் சரியாக்காது.

[திரையில்: நீளமான மேஜை, இரு பக்கமும் நாற்காலி, நடுவில் காகிதங்கள்.]

2015இல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இந்தியாவில் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்துவிட்டது. இந்தப் படத்தைத் திட்டுவது எளிது, நானும் திட்டப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு காட்சியில் நாயகி ஒப்பந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, இது முடியாது, இதை அடித்துவிடு, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். மொத்தப் படத்திலும் அவள் மிக உயரமாகத் தெரியும் இடம் அதுதான், படத்திலேயே சூடான இடமும் அதுதான். பேச்சு சூட்டைக் கெடுக்கும் என்ற பயம் வீண் என்பதற்கு இவ்வளவு பெரிய வணிகப் படமே சாட்சி.

அப்புறம் திட்டு. அந்த மேஜைக்கு வெளியே அவன் என்ன செய்கிறான்? அவள் குடித்துவிட்டு போன் செய்தால் அந்த போனை வைத்து அவள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். அவளுடைய பழைய காரை அவனாகவே விற்றுவிடுகிறான். அம்மாவைப் பார்க்கப் போன ஊருக்கும் பின்னாலேயே வருகிறான். இது எதுவும் காகிதத்தில் இல்லை. படுக்கையறைக்குள் சம்மதம் கேட்கும் படம், வாழ்க்கை முழுக்க அவளைப் பின்தொடர்வதைக் காதல் பரிசாகக் காட்டுகிறது. பயப்பட வேண்டியது அதற்குத்தான், சாட்டைக்கு இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. சிறுவயதில் கொடுமைப்பட்டவன், அதனால்தான் இப்படி, ஒரு நல்ல பெண்ணின் காதல் குணமாக்கும் என்று கதை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் இத்தகைய விருப்பம் அதில் நோயாக இல்லை. சம்மதிக்காதவர்மேல் வன்முறையை நாடுவதுதான் கோளாறாக அதில் இருக்கிறது. மருத்துவம் கண்ட இந்த வேறுபாட்டைத் திரைக்கதைகள் இன்னும் காணவில்லை.

[திரையில்: கையால் எழுதிய நீண்ட கடிதம். எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டாம்.]

இனி வருவது கனமான படம். மிக்கேல் ஹானெக்கே இயக்கிய 'தி பியானோ டீச்சர்', 2001. எல்ஃப்ரீடா யெலினெக்கின் நாவல். கான் விழாவில் கிராண்ட் ப்ரீயும், நடிகர் நடிகை இருவருக்கும் விருதும் வாங்கியது. இசை ஆசிரியை எரிகா, தன்னைக் காதலிக்கும் மாணவனிடம் ஒரு கடிதம் கொடுக்கிறாள். தன்னை என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறாள். அவன் படித்துவிட்டு அருவருப்போடு போய்விடுகிறான். பிறகு ஓர் இரவு திரும்பி வந்து, நீ கேட்டதுதானே என்று அவளை அடித்து, வல்லுறவு செய்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கடிதம் அவன் கையில் ஆயுதமாகிவிட்டது.

நேற்று எழுதிக் கொடுத்தது இன்றைக்கு அனுமதி ஆகாது. நம் சட்டமும் அதையே சொல்கிறது. 2013இல் கொண்டுவந்த திருத்தம், இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இருக்கிறது: அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிப்பதுதான் சம்மதம். உடம்பால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மனைவிக்கு மட்டும் அந்தச் சட்டம் இன்னும் அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை என்பது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம்.

இந்த உறவின் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு மிக நன்றாகக் காட்டியது 2014இல் பீட்டர் ஸ்ட்ரிக்லண்ட் எடுத்த 'தி ட்யூக் ஆஃப் பர்கண்டி'. படத்தில் ஆண்களே இல்லை. பட்டாம்பூச்சி ஆராய்ச்சி செய்யும் சிந்தியா, அவளிடம் வேலைக்காரியாக வரும் ஈவ்லின். முதல் காட்சியில் எஜமானி அவளைப் படுத்தும் பாட்டைப் பார்த்து நமக்கே எரிச்சல் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்: எஜமானி பேசும் வசனம் ஒவ்வொன்றும் ஈவ்லின் அட்டையில் எழுதிக் கொடுத்தது. பணிபவள்தான் இயக்குநர். கட்டளையிடுபவள் களைத்துப்போனவள். முதுகு வலிக்கிறது, இறுக்கமான உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு பைஜாமா போட்டுக்கொண்டு தூங்கினால் போதும் என்று இருக்கிறது அவளுக்கு. ஆனால் காதலிப்பதால் நடிக்கிறாள்.

டாமுக்கும் எல்லை உண்டு, டாமும் "போதும்" என்று சொல்லலாம் என்பதை நான் பார்த்த வேறு எந்தப் படமும் இவ்வளவு பரிவோடு சொல்லவில்லை. அவர்களுடைய சேஃப் வேர்ட் 'பினாஸ்ட்ரி', ஓர் அந்துப்பூச்சியின் பெயர். ஈவ்லினின் பிறந்தநாளன்று, மனம் கசந்துபோன சிந்தியாவின் காலடியில் இருந்துகொண்டு அவள் அந்தச் சொல்லைச் சொல்கிறாள். சிந்தியா நிறுத்தவில்லை. அடி இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு கணத்தில் விளையாட்டு உண்மையான கொடுமையாக மாறுவதை நாம் உணர்கிறோம்.

அண்மைப் படங்களில் இந்தப் பேச்சு கூடிவருகிறது. 2022இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த கொரியப் படம் 'லவ் அண்ட் லீஷஸ்' ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பழகும் இரண்டு அலுவலக ஊழியர்களின் இதமான காதல் கதை. இதில் கட்டளையிடுவது பெண். 2024இல் ஹலினா ரெய்ன் எடுத்த 'பேபிகேர்ள்' படத்தில் நிறுவனத் தலைவியான நிகோல் கிட்மேனும் பயிற்சிக்கு வந்த இளைஞனும் ஹோட்டல் அறையில் தடுமாறுகிறார்கள், சிரிக்கிறார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்தத் தடுமாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாம் தெரிந்த டாம் என்ற சினிமாக் கற்பனையை அது உடைக்கிறது.

[திரையில்: படப்பிடிப்புத் தளம். விளக்குகள் அணைந்திருக்கின்றன.]

கதைக்குள் சம்மதம் இருந்தால் போதுமா? நடிப்பவர்களுக்கு? 1972இல் வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தின் வன்முறைக் காட்சியில் என்ன நடக்கப்போகிறது என்பதை 19 வயது மரியா ஷ்னைடரிடம் முழுதாகச் சொல்லவில்லை. நடிகையின் நடிப்பு வேண்டாம், ஒரு பெண்ணின் உண்மையான அவமானம் வேண்டும் என்று நினைத்ததாக இயக்குநர் பெர்டோலுச்சியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்து, திருவனந்தபுரத்தில் 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையிலும், முதலில் சொன்னதைத் தாண்டி நெருக்கமான காட்சிகளில் நடிக்கச் சொல்லி நெருக்கப்பட்ட நடிகையரின் நிலை பதிவாகியிருக்கிறது. இன்று இன்டிமசி கோ-ஆர்டினேட்டர் என்று ஒருவர் தளத்தில் இருந்து, எங்கே தொடலாம், எது கூடாது, எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைக்கிறார். நம் தென்னிந்தியத் தளங்களிலும் அது வழக்கமாக வேண்டும்.

அக்கா, மீதிப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் படமானாலும், இந்தக் காட்சியை யாரால் நிறுத்த முடியும் என்று பாருங்கள். சொன்னால் நிற்குமா என்றும் பாருங்கள். 'மன்னன்' முதல் 'பேபிகேர்ள்' வரை இந்த இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம்.

முதன்முதலாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்தக் கொரியப் படத்தில் ஆரம்பியுங்கள். அடுத்து 'ட்யூக் ஆஃப் பர்கண்டி'யை நிதானமாகப் பாருங்கள், ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. 'செக்ரட்டரி'யில் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் காட்சிகள் உண்டு, 'பியானோ டீச்சர்' அதையும் வன்முறையையும் நேரடியாகக் காட்டும். அந்த அனுபவம் உங்கள் வாழ்க்கையில் இருந்தால் அவை இரண்டையும் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.