விடாமுயற்சி இருந்தும் வெற்றி வரவில்லையே, ஏன்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சில ஆண்டுகளாகக் குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் சில மதிப்பெண்களில் வாய்ப்பு கைநழுவிப் போகிறது. விடாமுயற்சி இருந்தால் வெற்றி நிச்சயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் என்னிடம் மனஉறுதி இல்லையா? இன்னும் எத்தனை காலம் முயல்வது?"

முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் அந்த முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி பெறவில்லை என்பதை வைத்து உங்களிடம் உறுதி இல்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. தமிழ்நாடு அரசுப் பணிக்கான இந்தக் குரூப் 4 தேர்வுக்கு 2024ஆம் ஆண்டு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இடம் கிடைக்காத அத்தனை பேரும் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். உழைத்தவர்கள் எல்லோருக்கும் நாற்காலி போதாத ஓர் இடத்தில், "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே" என்று வீட்டாரும் உறவினரும் சொல்லும் சொல் ஒரு பிள்ளையை எவ்வளவு நோகடிக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே அந்தக் குற்றவுணர்வை இன்றோடு இறக்கி வையுங்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி, எத்தனை காலம் முயல்வது என்பது, மிகவும் தேவையான கேள்வி. அதற்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்ல முடியாது. முயற்சி எந்த வகையில் நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை விளக்க உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். அவர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அலைச்சலைப் போற்றுகிற நாம், அவர் வேலை செய்த முறையைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

1880ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஏராளமாகப் பாடம் கேட்டவர். அந்த ஆண்டு அக்டோபரில், அங்கே முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். தாம் படித்த நூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முதலியாரோ அவற்றால் வியப்படையாமல், பழைய காப்பியங்களான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயரிடம் அந்த ஏடுகள்கூட இல்லை. பிறகு முதலியாரே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்து, அதைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு கேட்கிறார். அந்த நூல் அச்சில் முழுமையாக வெளிவந்தது 1887இல். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பழைய ஓலைச்சுவடியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் புரியும். எழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது. 'எ' எது, 'ஏ' எது என்று வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அடையாளம் இராது. எல்லாம் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். இத்தனைக்கும் மேலாக, சிந்தாமணி சமண நூல். அதில் வரும் சமயக் கருத்துகள் ஐயருக்கு முற்றிலும் புதியவை. நச்சினார்க்கினியர் உரை துணைக்கு இருந்தாலும், அந்த உரையாசிரியர் எந்த நூலிலிருந்து என்று பெயர் சொல்லாமலேயே பல மேற்கோள்களைக் காட்டிச் செல்கிறார்.

இந்த நிலையில் அதே பிரதியை வைத்துக்கொண்டு இரவு பகலாகத் திரும்பத் திரும்பப் படித்திருந்தால், அதையும் நாம் விடாமுயற்சி என்றுதான் சொல்லியிருப்போம். ஆனால் நூல் விளங்கியிருக்காது. ஐயர் முதலில் வேறு பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த இடம் மற்றொன்றில் தெளிவாக இருந்தது. சமயச் செய்தி விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைப் பக்தியோடு படித்துப் பொருள் சொல்லும் வழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பண்டிதர் ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, வேறு சமயத்தார் வீட்டில் மாணவர்போல் அமர்ந்து கேட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் சிறிய காரியம் அன்று. என்னைக் கேட்டால், நூற்றுக்கணக்கான மைல் பயணத்தைவிட அந்த உள்ளூர் நடைக்குத்தான் அதிக மனஉறுதி வேண்டும். மேற்கோள் சிக்கலும் இப்படியே தீர்ந்தது. திருவாவடுதுறை மடத்தில் கிடைத்த சங்க நூல் ஏடுகளைப் படித்தபோது, உரையில் பெயரில்லாமல் நின்ற அடிகள் எங்கிருந்து வந்தவை என்பது தெரியத் தொடங்கியது. சிந்தாமணிக்காகச் செய்த அந்த உழைப்பே 1889இல் பத்துப்பாட்டுக்கும், 1892இல் சிலப்பதிகாரத்துக்கும், 1894இல் புறநானூற்றுக்கும் வழி திறந்தது. மணிமேகலைக்கு வரும்போது மறுபடியும் புதிய தடை. அது பௌத்த நூல். பௌத்தம் அறிந்த மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்து 1898இல் அதையும் பதிப்பித்தார்.

கவனித்துப் பாருங்கள், குறிக்கோள் மாறவே இல்லை; தடைக்கு ஏற்ப வழி மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், சென்ற ஆண்டு அவரிடம் இல்லாத ஏதோ ஒன்று, ஒரு பிரதியோ ஒரு விளக்கமோ ஓர் ஆசிரியரோ, கூடியிருந்தது. நான் விடாமுயற்சி என்று சொல்வது இந்தக் கூடுதலைத்தான்.

அவருக்கும் எல்லாம் கைகூடிவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் உள்ளன என்று கேள்விப்பட்டு ஆவலோடு போனபோது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இழப்பை எவருடைய உறுதியாலும் ஈடுகட்ட முடியாது. நமக்கு எட்டாத காரணங்களால் சில கதவுகள் மூடிவிடும் என்பதை மறைத்துவிட்டு, முயற்சியின் பெருமையை மட்டும் பேசுவது இளைஞர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயர் இத்தனையையும் கல்லூரி வேலையை வைத்துக்கொண்டே செய்தார். விடுமுறை நாள்களும் இரவு நேரங்களும்தான் பதிப்பு வேலைக்குக் கிடைத்தன. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிப்பதுதான் உறுதிக்கு அடையாளம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையில் சிறு வருமானம் இருப்பவருக்கு, ஒருமுறை தவறினாலும் நிதானமாக யோசிக்க முடிகிறது. வீட்டுச் செலவுக்கே பிறர் கையை எதிர்பார்த்து நிற்பவருக்கு ஒவ்வொரு தேர்வு முடிவும் வாழ்வா சாவா என்று ஆகிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் தெரிந்த விடையும் தவறுகிறது.

இனி உங்கள் நிலைக்கு வருவோம். நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு தேர்வுகளின் வினாத்தாள்களையும், தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்பையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பாடம் படிக்கவில்லையா, படித்தும் மறந்ததா, வினாவை அவசரத்தில் தவறாகப் புரிந்துகொண்டீர்களா, நேரம் போதவில்லையா. இரண்டு தாள்களிலும் ஒரே பகுதியில், உதாரணமாகத் திறனறிவுக் கணக்கில், ஒரே காரணத்தால் மதிப்பெண் போயிருந்தால், உங்கள் உழைப்பு ஏற்கெனவே தெரிந்த பாடங்களைச் சுற்றியே நடந்திருக்கிறது என்று பொருள். கணக்கு சொல்லித்தரக்கூடிய ஒருவரிடம், அவர் உங்களைவிட வயதில் இளையவராக இருந்தாலும், போய் உட்காருங்கள். அந்த மாற்றத்தோடு ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

மாறாக, தவறுகள் முறைக்கு முறை குறைந்து வந்திருக்கின்றன, படிக்கும் வழியையும் மாற்றிப் பார்த்துவிட்டீர்கள், அதன் பிறகும் இடம் வரவில்லை, வீட்டுச் சூழலும் நெருக்குகிறது என்றால், வேறு தேர்வுக்கோ வேறு வேலைக்கோ போவதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். நீங்கள் கற்ற தமிழும் கணக்கும் வரலாறும் உங்களிடமே இருக்கும், அவற்றை எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். வினாத்தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தபின், எந்தப் பகுதியில் எந்தக் காரணத்தால் அதிகம் தவறுகிறது என்பதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதை வைத்து அடுத்த பதிவில் உங்களுக்கான படிப்பு முறையைச் சேர்ந்து வகுப்போம்.